மாமன் மகளும் மாயக் கம்பளமும்: ‘மாயா பஜார்’ இன்னும் சிரிக்க வைப்பது ஏன்?

மதுரைப் பக்கத்துக் கலியாண மண்டபங்களில் பந்திக்கென்றே ஒரு பாட்டு இருக்கிறது. இலை போட்டு, தண்ணீர் தெளித்து, முதல் வரிசை உட்கார்ந்ததும் கச்சேரிக் குழுவோ ஸ்பீக்கர் செட்காரரோ ‘கல்யாண சமையல் சாதம்’ போட்டுவிடுவார்கள். பாட்டின் நடுவே வரும் அந்த முரட்டுச் சிரிப்புக்கு, படத்தைப் பார்த்தே இராத பிள்ளைகளும் சேர்ந்து சிரிக்கும். பாடுகிறவன் ஓர் அரக்கன், அவன் வாரித் தின்பது ஊருக்கென்று சமைத்து வைத்த சாப்பாடு, அந்தக் கலியாணத்தைக் கெடுக்கத்தான் அவன் வந்திருக்கிறான் என்பதெல்லாம் பந்தியில் யாருக்கும் உறுத்துவதில்லை.

‘மாயா பஜார்’ தெலுங்கில் 1957 மார்ச் 27 அன்று வெளிவந்தது. தமிழ்ப் படம் ஏப்ரல் 12 அன்று, சித்திரை பிறப்பதற்குச் சற்று முன்னால் வந்தது. நாகி ரெட்டியும் சக்கரபாணியும் தயாரிப்பு, கே.வி.ரெட்டி இயக்கம், பிங்கலி நாகேந்திர ராவின் கதை. கண்ணனாக என்.டி.ராமராவ், கடோத்கஜனாக எஸ்.வி.ரங்காராவ், கதாநாயகியாக சாவித்திரி என்று முக்கியமான மூவரும் இரண்டு மொழியிலும் அவர்களேதான். அபிமன்யு மட்டும் அங்கே நாகேஸ்வர ராவ், இங்கே ஜெமினி கணேசன். துரியோதனன் மகன் லட்சுமண குமாரனாக அங்கே ரேலங்கி, இங்கே தங்கவேலு. தெலுங்கில் சசிரேகா என்று வரும் பெண்ணுக்குத் தமிழில் வத்சலா என்று பெயர். 2013இல் இந்திய சினிமாவின் நூற்றாண்டையொட்டி சி.என்.என்-ஐ.பி.என் நடத்திய இணைய வாக்கெடுப்பில் இந்தப் படம்தான் இந்தியாவின் தலைசிறந்த படமாக முதலிடம் பிடித்தது. ஆந்திர, தெலங்கானா நண்பர்கள் மும்முரமாக வாக்களித்திருப்பார்கள் என்று வைத்துக்கொண்டாலும், கிட்டத்தட்ட அறுபது வயதான ஒரு கருப்பு வெள்ளைப் படத்துக்கு அப்படி மும்முரம் காட்ட ஆள் இருந்தார்கள் என்பது லேசான விஷயம் இல்லை.

ஏன் நிற்கிறது என்று கேட்டால் வழக்கமாக வரும் பதில்கள் மூன்று. சாவித்திரியின் நடிப்பு, ரங்காராவின் உருவமும் குரலும், மார்கஸ் பார்ட்லியின் கேமரா. மூன்றுமே உண்மை. ஆனால் இந்த மூன்று பேரும் வேறு படங்களிலும் இருந்திருக்கிறார்கள், அந்தப் படங்களில் பலவற்றை இன்று யாரும் தேடிப் பார்ப்பதில்லை. மந்திரக் காட்சிகள் நிறைந்த படங்களும் அந்தக் காலத்தில் வரிசையாக வந்தன. அதனால் பதில் கதையின் அடித்தளத்தில் இருக்க வேண்டும். மதுரைச் சீமைக்காரன் ஒருவனுக்கு அந்த அடித்தளம் சட்டென்று பிடிபடும். இது ஒரு முறைப்பெண் தகராறு.

கதையை மந்திரத்தை எல்லாம் நீக்கிவிட்டுச் சொல்லிப் பாருங்கள். அண்ணன் பலராமன், தன் மகளை உன் மகனுக்குத் தருகிறேன் என்று தங்கை சுபத்திரைக்கு வாக்குக் கொடுக்கிறார். பிள்ளைகள் சின்ன வயதிலிருந்தே அந்த நினைப்போடு வளர்கின்றன. அப்புறம் தங்கை வீட்டுக்காரர்கள் சூதாட்டத்தில் நாடு, நகை, சொத்து எல்லாவற்றையும் தொலைத்துவிட்டுக் காட்டுக்குப் போகிறார்கள். அதுவரை இனித்த சம்பந்தம் அண்ணி ரேவதிக்குக் கசந்துபோகிறது. ஒன்றுமில்லாத வீட்டுக்கா பெண்ணைக் கொடுப்பது? அந்த நேரம் பார்த்து பெரிய இடத்திலிருந்து பெண் கேட்டு வருகிறார்கள். மாப்பிள்ளை எப்படிப்பட்டவன் என்று யாரும் பார்க்கவில்லை, பவிசைத்தான் பார்க்கிறார்கள். தங்கை வந்து நியாயம் கேட்கிறாள். அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். அவள் மகனைக் கூட்டிக்கொண்டு வெளியேறுகிறாள்.

திருமங்கலத்திலோ மேலூரிலோ உசிலம்பட்டியிலோ இந்தக் கதையைச் சொன்னால், கேட்பவர் உடனே “எந்த ஊரு, யாரு வீட்டுல?” என்றுதான் கேட்பார். தாய்மாமன் மகள் மேல் அத்தை மகனுக்கு உள்ள உரிமை இங்கே வெறும் வழக்கமாக இருந்ததில்லை. சீர் செய்வதில், மொய் எழுதுவதில், நல்லது கெட்டதுக்கு வந்து நிற்பதில் எல்லாம் அது ஊடுருவியிருந்தது. முறை இருந்தும் பெண் தரவில்லை என்பதற்காகத் தலைமுறைக் கணக்கில் பேசாமல் போன குடும்பங்கள் உண்டு. சொந்தத்தில் கட்டுவதை டாக்டர்கள் வேண்டாம் என்கிறார்கள், படித்த பிள்ளைகளும் ஒதுங்குகிறார்கள், வழக்கம் குறைந்து வருகிறது. ஆனாலும் காதுகுத்தில் மாமன் மடியில்தான் பிள்ளையை உட்கார வைக்கிறோம், மாமன் மகளைக் கேலி செய்வதும் தொடர்கிறது. வழக்கம் போன பிறகும் அதன் உணர்ச்சி கொஞ்ச காலம் தங்கும்.

விந்தியத்துக்கு வடக்கே பெரும்பாலான சமூகங்களில் மாமன் மகள் என்றால் தங்கை முறை. இந்தக் கலியாணக் கதை வியாச பாரதத்தில் கிடையாது, அதில் அபிமன்யுவின் மனைவி விராடன் மகள் உத்தரை மட்டும்தான். வத்சலா கதை தெலுங்கு, தமிழ், கன்னடம், மராத்தி என்று தக்காணத்திலும் தெற்கிலும் மேடையில் வளர்ந்தது. மாமன் மகளைக் கட்டும் வழக்கம் உள்ள மண்ணில்தான் அது வேர்விட்டது என்பதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. அபிமன்யுவின் அப்பா அர்ச்சுனன் கட்டிய சுபத்திரையும் அவனுக்கு மாமன் மகள்தான், குந்தியின் உடன்பிறந்தவர் வசுதேவர். ஆக வியாசர் ஒரு தலைமுறைக்குச் செய்து வைத்ததைத் தென்னாட்டு மேடை அடுத்த தலைமுறைக்கும் நீட்டித்துக்கொண்டது.

இதிலிருந்துதான் படத்தின் தெம்பே வருகிறது. காதல் படம் என்றால் ஒரு பக்கம் காதலர்கள், மறுபக்கம் குடும்பம், சாதி, ஊர்க் கட்டுப்பாடு என்று நிற்கும். கடந்த இருபது வருடங்களாக மதுரையைக் களமாக வைத்து வந்த படங்களில் இது அரிவாளில் போய் முடிவது ஒரு சம்பிரதாயமாகவே ஆகிவிட்டது. ‘மாயா பஜாரி’ல் காதலும் முறையும் ஒரே பக்கத்தில் நிற்கின்றன. பெண்ணுக்கும் பையனுக்கும் ஆசை, குடும்ப வழக்கமும் அதையே சொல்கிறது, பெரியவர் வாக்கும் கொடுத்திருக்கிறார். எதிர்ப்பக்கத்தில் இருப்பது பணத்தாசையும் அரசியல் கணக்கும் மட்டும்தான். யாதவர் படை பாண்டவருக்குத் துணை போகாமல் இருக்க இந்தச் சம்பந்தத்தைப் பேசி முடிக்கலாம் என்று சகுனி போடும் கணக்கு அது. அதனால் பார்க்கிற தாத்தாவும் பேத்தியும் ஒரே ஆள் பக்கம் சேர்ந்துகொள்ள முடிகிறது. யாருடைய மனதும் இரண்டாகப் பிரிவதில்லை. வீட்டோடு உட்கார்ந்து பார்க்கிற படத்துக்கு இதைவிடப் பெரிய வசதி என்ன வேண்டும்?

இது கொஞ்சம் சுலபமான வழி என்ற குற்றச்சாட்டையும் ஒத்துக்கொள்ள வேண்டும். வத்சலாவுக்கு முறையில்லாத வேறொருவன் மேல் ஆசை வந்திருந்தால் படம் என்ன சொல்லியிருக்கும்? அந்தக் கேள்வியை அது தொடுவதே இல்லை. சிரிக்க வந்த படத்திடம் அதைக் கேட்பது நியாயமா என்பதை அவரவர் முடிவு செய்துகொள்ளலாம். என்னைக் கேட்டால், கேட்கலாம், ஆனால் படம் முடிந்த பிறகு கேட்கலாம்.

மதுரைக்காரர்களுக்கு இந்தக் கதை 1957இல் புதிதாகவும் இருந்திருக்காது. தென்னாட்டு மேடை வளர்த்த பாரதத்தில் போரைவிடக் கலியாணங்கள் அதிகம். மதுரையை ஆண்ட அல்லி அரசாணியை அர்ச்சுனன் மாறுவேடம் போட்டு, தந்திரம் செய்து மணப்பது ஒரு கதை. பவளக்கொடியை மணப்பது இன்னொரு கதை. ‘பவளக்கொடி’ 1934இல் படமாகி, அதிலிருந்துதான் தியாகராஜ பாகவதரின் சினிமா வாழ்க்கை ஆரம்பித்தது. இந்த வரிசையில் மூன்றாவதாகச் சொல்ல வேண்டியது ‘அபிமன்யு சுந்தரி’. அதில் பெண் பெயர் சுந்தரி, கண்ணனின் மகள். துரியோதனன் மகனுக்குப் பேசிய பெண்ணை அபிமன்யு கடோத்கஜன் துணையோடு மணக்கும் அதே கதைதான்.

அந்த நாடகத்தை எழுதியவர் சங்கரதாஸ் சுவாமிகள். 1867இல் தூத்துக்குடிப் பக்கம் பிறந்தவர், ஆனால் அவர் பேர் ஒட்டிக்கொண்டது மதுரையோடு. 1918இல் மதுரையில்தான் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். சிறுவர்களை வைத்து நடத்திய அந்தக் கம்பெனியில்தான் டி.கே.எஸ். சகோதரர்கள் சேர்ந்தார்கள். ‘அபிமன்யு சுந்தரி’ முழுவதையும் சுவாமிகள் ஒரே இரவில் எழுதி முடித்ததாக டி.கே.சண்முகம் தன் நாடக வாழ்க்கை நினைவுகளில் பதிவு செய்திருக்கிறார். சுவாமிகள் 1922இல் காலமானார். அவர் எழுதிய பாட்டுகளும் வசனங்களும் மதுரையைச் சுற்றி ஸ்பெஷல் நாடகமாகத் தங்கிவிட்டன.

ஸ்பெஷல் நாடகம் என்பது வெளியூர்க்காரர்களுக்கு விசித்திரமாகத் தெரியும். அதற்குக் கம்பெனி கிடையாது, ஒத்திகை கிடையாது, டைரக்டரும் கிடையாது. பொங்கல் சாட்டிய ஊர்க்காரர்கள் ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், டான்ஸ், ஹார்மோனியம், மிருதங்கம் என்று ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பேசி அமர்த்துவார்கள். வெவ்வேறு ஊரிலிருந்து பஸ் பிடித்து வந்து இறங்குகிறவர்கள் ராத்திரி பத்து மணி வாக்கில் மேடையில்தான் ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள். சுவாமிகளின் பாடம் எல்லோருக்கும் மனப்பாடம் என்பதால் விடிய விடிய நாடகம் நடக்கும். அதிகம் போடப்படுவது ‘வள்ளி திருமணம்’. தினைப்புனத்தில் ஆலோலம் பாடிக் குருவி விரட்டும் பெண்ணிடம் முருகன் வேடனாக வந்து வாயாடி, வேங்கை மரமாக நின்று, கிழவனாக வந்து தேனும் தினைமாவும் கேட்டு, கடைசியில் அண்ணன் பிள்ளையாரை யானையாக வரவழைத்துப் பயமுறுத்தி அவளைக் கட்டிப்பிடிக்க வைக்கிறான். தெய்வம் மாயம் செய்கிறது, அந்த மாயத்தின் ஒரே நோக்கம் ஒரு பெண்ணைச் சம்மதிக்க வைப்பது. மாயம், காதல், சிரிப்பு மூன்றையும் ஒன்றாகக் குழைத்த கதைக்கு இந்தப் பக்கத்து ரசிகனுக்கு யாரும் முன்னுரை சொல்ல வேண்டியதில்லை.

நம் ஊர்த் திருவிழாவே அப்படித்தானே. மீனாட்சி கலியாணத்துக்குச் சீரோடு கிளம்பிய அழகர், வைகைக்கு வருவதற்குள் தாலி கட்டி முடிந்துவிட்டதைக் கேள்விப்பட்டுக் கோபித்துக்கொண்டு ஆற்றோடு வண்டியூருக்குத் திரும்பிவிடுகிறார் என்பது மக்கள் சொல்லும் கதை. கோயில் வழக்கப்படி அழகர் ஆற்றில் இறங்குவதற்குக் காரணம் வேறு, மண்டூக முனிவருக்குச் சாப விமோசனம் தருவது. ஆனால் ஜனங்களுக்குப் பிடித்தது தங்கச்சி கலியாணத்துக்கு நேரத்துக்கு வந்து சேராத அண்ணன் கதைதான். கடவுளைச் சொந்தக்காரராகப் பார்த்து, சொந்தக்காரர்களின் கோபதாபத்தை அவர் மேல் ஏற்றிச் சிரிக்கிற இந்தப் பழக்கம் இருக்கும் ஊரில், கண்ணனும் பலராமனும் அண்ணன் தம்பியாகக் குடும்பச் சண்டைக்குள் நிற்பது இயல்பாகவே இருக்கும்.

படத்தில் ஒரு நுணுக்கம் உண்டு, பலர் கவனிப்பதில்லை. பாரதக் கதைதான், ஆனால் பஞ்ச பாண்டவர்களில் ஒருவர்கூடத் திரையில் வருவதில்லை. தருமன் இல்லை, பீமன் இல்லை, மாப்பிள்ளையின் அப்பா அர்ச்சுனனே இல்லை. அவர்களுக்கு நடந்தது செய்தியாக மட்டும் வந்து சேருகிறது. சூதாட்டமும் வனவாசமும் ஆண்கள் வெளியே போய்ச் செய்துவிட்டு வந்த காரியங்கள். அதன் பலனை வீட்டுக்குள் அனுபவிப்பது சுபத்திரையும் பிள்ளைகளும். காவியத்தை வாசல் பக்கம் விட்டுவிட்டு அடுப்படிப் பக்கமாக நுழைந்த திரைக்கதை என்று இதைச் சொல்லலாம்.

அதேபோல மாயமும் வீட்டு அளவுக்கு வெட்டப்பட்டது. மலையைப் பெயர்ப்பதோ கடலைப் பிளப்பதோ படத்தின் மையத்தில் இல்லை. கண்ணன் கொடுக்கும் பெட்டி ஒன்று இருக்கிறது, திறந்து பார்ப்பவருக்கு மிகவும் பிரியமானது எதுவோ அது உள்ளே தெரியும். வத்சலாவுக்கு அபிமன்யு தெரிகிறான். ரேவதிக்கு நகைகள் தெரிகின்றன. பலராமனுக்குத் தன் சீடன் துரியோதனன் தெரிகிறான். பின்னால் நடக்கப்போகும் தகராறு முழுவதும் அந்த ஒரு காட்சியில் அடங்கிவிட்டது, யாரும் ஒரு வார்த்தை விளக்கவில்லை. வத்சலாவும் அபிமன்யுவும் அந்தப் பெட்டி வழியாக ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வதைக் காட்டி, வீடியோ காலை அன்றைக்கே கண்டுபிடித்துவிட்டார்கள் என்று இப்போது பிள்ளைகள் கேலி செய்கிறார்கள். செய்யட்டும், கேலி பொருந்தத்தான் செய்கிறது.

மாப்பிள்ளை வீட்டார் தங்குவதற்காக அரக்கர்கள் ஒரு மாய நகரத்தையே எழுப்புகிறார்கள், படத்தின் பெயர் அதிலிருந்துதான் வந்தது. அங்கே மிதித்தவரைச் சுருட்டி உருட்டுகிற கம்பளமும் படுத்தவரைத் தூக்கி எறிகிற கட்டிலும் இருக்கின்றன. மாப்பிள்ளை வீட்டோடு வந்த துதிபாடிகள் இருவர் அவற்றிடம் மாட்டிக்கொண்டு படும் பாடு, சின்னப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கும் இடம். பெரியவர்களுக்கு அதில் வேறொரு திருப்தி. தலையணை சரியில்லை, காபியில் சூடு இல்லை என்று ராத்திரி முழுக்க நொட்டை சொல்லும் சம்பந்தி வீட்டு ஆட்களை அப்படியே சுருட்டி ஓரமாக வைக்க வேண்டும் என்று பெண்ணைப் பெற்றவர் எத்தனை பேர் மனதுக்குள் நினைத்திருப்பார்கள்! கடைசியில் சகுனியை மாட்டவைப்பதும் ஓர் இருக்கைதான், ஏறி நின்றவர் உண்மையைக் கொட்டிவிடுவார். மொத்தப் படத்திலும் மாயம் யாரையும் கொல்வதில்லை. வெட்கப்பட வைக்கிறது, மனதில் உள்ளதை வெளியே எடுத்துப் போடுகிறது, அவ்வளவுதான்.

கணினி இல்லாத காலத்தில் இதையெல்லாம் கேமராவுக்கு உள்ளேயே செய்தார்கள். துவாரகை நகரம் ஐம்பதுக்கு அறுபது அடி இடத்தில், சுமார் 300 சின்னஞ்சிறு வீடுகளை வைத்துக் கட்டிய மாதிரி நகரம் என்று படத்தைப் பற்றிய பதிவுகள் சொல்கின்றன. கலை இயக்கம் கோகலேயும் கலாதரும். ‘ஆஹா இன்ப நிலாவினிலே’ பாட்டில் படகு மிதக்கிறது, தண்ணீரில் நிலா ஒளி அசைகிறது. அந்த ஒளி பெரும்பாலும் பார்ட்லி விளக்குகளால் உண்டாக்கியது. கருப்பு வெள்ளையில் நிலவொளி என்பது சாம்பலும் வெள்ளியுமாக எத்தனை படிநிலைகளைக் காட்ட முடியும் என்ற கணக்குதான். 2010இல் தெலுங்குப் படத்தை வண்ணமாக்கி வெளியிட்டார்கள். நன்றாக ஓடியது, புதுத் தலைமுறையிடம் படத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்தது, எல்லாம் சரி. ஆனால் அந்த நிலாப் பாட்டை மட்டும் பழைய படத்திலேயே பாருங்கள். பார்ட்லி சாம்பல் நிறத்தில் யோசித்து வைத்த இடத்தில் நீலம் பூசினால் அது வேறு ஏதோ ராத்திரியாகிவிடுகிறது.

இப்போது சாவித்திரி. கடோத்கஜன் தூங்குகிற வத்சலாவைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு போய்க் காட்டில் விட்டுவிட்டு, அவள் உருவத்தை எடுத்துக்கொண்டு துவாரகைக்கு வந்துவிடுகிறான். இதற்குப் பிறகு சாவித்திரி நடிப்பது வத்சலாவை அல்ல, வத்சலாவாக நடிக்கும் கடோத்கஜனை. அப்போது அவருக்கு வயது இருபதை ஒட்டித்தான் இருக்கும். ரங்காராவைப் போலக் குரலைக் கட்டையாக்கிக் காட்டும் சுலபமான வழிக்கு அவர் போகவில்லை. தோளை ஓர் அங்குலம் பின்னால் தள்ளுகிறார், காலை அகட்டி வைக்கிறார், யாரும் பார்க்காத நேரத்தில் கை தானாக இல்லாத மீசைக்குப் போகிறது. ஆள் வரும் சத்தம் கேட்டதும் அதே உடம்பு சட்டென்று ஒடுங்கித் தலை குனிகிறது. மணவறையில் மாப்பிள்ளையின் காலைத் தன் காலால் நசுக்கும்போது முகத்தைப் பாருங்கள். கண் தரையைப் பார்க்கிறது, உதட்டில் புதுப்பெண்ணின் நாணம், கால் மட்டும் அரக்கனுடையது. பக்கத்தில் தங்கவேலு அலறவும் முடியாமல் அடக்கவும் முடியாமல் நெளிகிறார். பெண் ஒரு கணம் புலியாகவும் பூதமாகவும் அவருக்கு மட்டும் தெரிகிறாள், சபையோருக்கோ மாப்பிள்ளைக்குப் பைத்தியம் பிடித்த மாதிரி இருக்கிறது.

பாய்ஸ் கம்பெனி நாடகங்களில் ஸ்திரீபார்ட் போட்டவர்கள் பையன்கள். ராஜபார்ட் போட்டு நடித்த பெண்களும் இருந்தார்கள். நடிகர் ஒன்று, வேடம் ஒன்று, அந்த வேடம் போடும் வேடம் இன்னொன்று என்று அடுக்கடுக்காகப் பார்த்து ரசிக்கத் தெரிந்த கூட்டம்தான் 1957இல் கொட்டகையில் உட்கார்ந்திருந்தது. சாவித்திரி செய்ததன் அருமை அந்தக் கண்ணுக்கு உடனே தெரிந்திருக்கும். அரக்கன் பெண்ணாக வருகிறான் என்றால் பெண் வேடம் கட்டிய ஆளைக் காட்டிச் சிரிக்க வைப்பது பழைய வழி. இங்கே பெண்ணே பெண் வேடம் போடுகிறாள். நகைச்சுவை இந்த அளவுக்குச் சூட்சுமமாக இருந்தும் ஐந்து வயதுப் பிள்ளைக்குப் புரிகிறது என்பதுதான் எனக்கு இந்தப் படத்திலேயே பெரிய மாயமாகத் தெரிகிறது.

கடோத்கஜனை அரக்கன் என்று சொல்கிறோமே தவிர, படம் அவனை வைத்திருக்கும் இடம் வேறு. அவன் காட்டுப் பக்கத்துச் சொந்தம். பீமனின் மகன், ஆனால் அரண்மனையில் அவனுக்கு இடமில்லை. கதையில் பணமும் பதவியும் உள்ள சொந்தங்கள் எல்லாம் கைவிட்ட பிறகு, தன் காட்டு வழியாக வரும் சுபத்திரையையும் அபிமன்யுவையும் யார் என்று தெரியாமல் முதலில் தாக்குகிறான். சிற்றன்னை என்று தெரிந்ததும் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்கிறான். கேட்டுவிட்டு, நடந்த அநியாயத்தைக் கேள்விப்பட்டுத் துவாரகையையே பெயர்த்து எறியப் புறப்படுகிறான். அவனை அமட்டி, இது அடிதடியால் ஆகிற காரியமில்லை என்று கண்ணன் பக்கம் திருப்பிவிட வேண்டியிருக்கிறது. பட்டிக்காட்டிலிருந்து மஞ்சப்பையோடு வந்து மண்டபத்தின் ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் பெரியப்பா மகன், பிரச்சினை என்றதும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னால் வந்து நிற்பது எல்லாக் குடும்பத்திலும் நடப்பதுதான். ரங்காராவ் அந்த வேடத்துக்குப் பயங்கரத்தைவிடப் பாசத்தை அதிகமாகக் கொடுத்தார். சாப்பாட்டுக் காட்சியில் லட்டுகள் தாமாகப் பறந்து வாய்க்குள் போகும்போது அவர் முகத்தில் இருப்பது பேராசை இல்லை, பசித்த பிள்ளையின் குதூகலம்.

அந்தப் பாட்டுக்கு ஒரு வேடிக்கையான பின்கதை உண்டு. தமிழில் தஞ்சை ராமையா தாஸ் எழுதித் திருச்சி லோகநாதன் பாடினார், இசை கண்டசாலா. மெட்டு மட்டும் அதற்கு முன்பே தெலுங்கு நாடக மேடையில் புழங்கியது. அதற்கும் பின்னால் தோண்டினால், சார்ல்ஸ் பென்ரோஸ் என்ற ஆங்கிலேயர் 1922இல் இசைத்தட்டில் பாடிய, ஓயாமல் சிரிக்கும் ஒரு போலீஸ்காரரைப் பற்றிய பாட்டில் போய் நிற்கும் என்பார்கள். நம் ஊர்ப் பந்தியில் ஒலிக்கும் அரக்கன் சிரிப்புக்கு மூலம் ஒரு வெள்ளைக்காரப் போலீஸ்காரர்.

படம் பேசாமல் விட்ட ஒன்றையும் சொல்லியாக வேண்டும். பாரதம் தெரிந்தவர்களுக்குக் குருட்சேத்திரம் தெரியும். பதின்மூன்றாம் நாள் சக்கர வியூகத்துக்குள் போன அபிமன்யு திரும்பி வரவில்லை. அதே நாளில், அதே வியூகத்தில், அபிமன்யுவின் கையால் சாகிறான் துரியோதனன் மகன் லட்சுமணன். மறுநாள் இரவு கர்ணன் எறிந்த சக்தி ஆயுதத்தால் கடோத்கஜனும் விழுகிறான். மணவறையில் அலறிய மாப்பிள்ளை, அவனை அலறவைத்த அண்ணன், பெண்ணைக் கட்டியவன் மூன்று பேரும் ஒன்றரை நாளுக்குள் போய்விடுகிறார்கள். 1957இன் ரசிகர்களில் பெரும்பாலோர் இதை அறிந்தவர்கள், பாரதம் படிக்கும் கோயில்களிலும் மேடைகளிலும் கேட்டு வளர்ந்தவர்கள். படம் அதைப் பற்றி ஒரு குறிப்புகூடக் கொடுப்பதில்லை. கண்ணனாக இருக்கும் ராமராவின் புன்னகையில் மட்டும், எல்லாம் தெரிந்தவர் என்ற ஒரு சாயல் இருக்கிறது. போருக்கு முந்தைய கடைசி நல்ல கலியாணம் இது என்ற நினைப்போடு பார்த்தால் சிரிப்பின் ருசியே மாறிவிடும். அந்த நினைப்பு இல்லாமல் பார்க்கிற பிள்ளைகளுக்கும் எதுவும் குறைவதில்லை.

குறையே இல்லாத படம் என்று சொல்ல மாட்டேன். மூன்று மணி நேரத்தை ஒட்டி ஓடுகிறது, முதல் பகுதியில் காதல் பாட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து கதையை நிறுத்தி வைக்கின்றன. பலராமன் காட்சிகளில் நாடகத்தனம் அதிகம், ஒரு வசனத்தை மூன்று தடவை சொல்லாமல் அவர் விடுவதில்லை. இன்றைக்கு வீட்டில் பிள்ளைகளோடு உட்கார்ந்து போடுகிறவர்கள், கடோத்கஜன் வருவதற்குள் பாதிப் பேர் செல்போனுக்குப் போய்விட்டார்கள் என்று சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அதற்கு வழி இருக்கிறது. பெட்டி வரும் காட்சியை முழுதாகக் காட்டுங்கள், சுபத்திரை நியாயம் கேட்கும் இடத்தைக் காட்டுங்கள், நடுவில் உள்ள பாட்டுகளில் நிலாப் பாட்டை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றைத் தள்ளிவிடுங்கள். கடோத்கஜன் வந்த பிறகு ஒன்றையும் தள்ளத் தேவையில்லை. தெலுங்கா தமிழா என்று கேட்டால், ரேலங்கியைவிடத் தங்கவேலு எனக்கு ஒரு மாற்று உசத்தி. தெலுங்கு நண்பர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.